எண் இல்லாத துப்பாக்கியும் எண்ணப்படாத உயிர்களும்

வீட்டு மேசையில் வைத்துச் சில கருவிகளைக் கொண்டு பூட்டிச் சேர்க்கக்கூடிய துப்பாக்கிப் பாகங்கள், சட்டத்தின் பார்வையில் துப்பாக்கியா அல்லது வெறும் இரும்பும் பிளாஸ்டிக்குமா? அமெரிக்க உச்ச நீதிமன்றம் இக்கேள்விக்கு 2025 மார்ச் 26 அன்று விடையளித்தது. ‘போண்டி எதிர் வாண்டர்ஸ்டாக்’ என்னும் அவ்வழக்கில், இத்தகைய பாகத் தொகுப்புகளையும் துப்பாக்கியாகக் கருதும் அரசின் 2022-ஆம் ஆண்டு விதி, மூலச் சட்டத்துக்கு முரணானதல்ல என்று ஒன்பது நீதிபதிகளில் ஏழு பேர் தீர்ப்பளித்தனர். தாமஸ், அலிட்டோ ஆகிய இருவரும் மாறுபட்டனர்.

அமெரிக்கத் துப்பாக்கிப் பண்பாட்டின் உள்விவகாரம் என்று இத்தீர்ப்பை நாம் கடந்துபோக முடியாது. ஆயுதத்தை யார் செய்யலாம், யார் வைத்திருக்கலாம், அது ஓர் உயிரைப் பறித்த பிறகு யார் பதில் சொல்ல வேண்டும் என்னும் மூன்று கேள்விகளும் சாதியச் சமூகத்தில் வாழும் நம்முடையவையும்தாம். அவற்றுக்கான விடைகள் இந்தியச் சட்டத்தில் தெளிவாகவே எழுதப்பட்டுள்ளன. எழுதப்பட்டவை யார்மீது செயல்படுகின்றன, யாருக்காகச் செயல்பட மறுக்கின்றன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பாகம் எப்போது ஆயுதமாகிறது?

அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், துப்பாக்கி விற்போர்மீது மூன்று கடமைகளைச் சுமத்துகிறது. ஒவ்வொரு துப்பாக்கியிலும் தொடர் எண் பொறிக்கப்பட வேண்டும். வாங்குபவரின் குற்றப் பின்னணி சோதிக்கப்பட வேண்டும். விற்பனை பதிவேட்டில் ஏற வேண்டும். சுடும் திறனுடைய ஆயுதமும், எளிதில் அவ்வாறு மாற்றக்கூடியதும், ஆயுதத்தின் ‘பிரேம்’ அல்லது ‘ரிசீவர்’ எனப்படும் உடற்பகுதியும் இச்சட்டத்தின்படி துப்பாக்கியே ஆகும். குழல், கட்டை, விசை முதலிய பிற பாகங்களை எவரும் எண்ணின்றி, பதிவின்றி வாங்கலாம். தனிநபர் ஒருவர் விற்பனை நோக்கமின்றித் தம் சொந்தப் பயன்பாட்டுக்காகத் துப்பாக்கி செய்துகொள்வதற்கும் கூட்டாட்சிச் சட்டம் உரிமம் கேட்பதில்லை.

வணிகர்கள் இந்த இடைவெளியைக் கண்டுகொண்டார்கள். உடற்பகுதியை முற்றாகச் செய்து முடிக்காமல், ஏறத்தாழ முடிந்த நிலையில் நிறுத்தினார்கள். ‘எண்பது விழுக்காடு முடிந்தது’ என்பது சந்தையில் அதற்கு வழங்கிய பெயர். முடியாத பொருள் துப்பாக்கி ஆகாது, ஆகவே எண்ணும் வேண்டாம், சோதனையும் வேண்டாம் என்பது அவர்களுடைய வாதம். எஞ்சிய வேலைக்குத் தேவையான கருவிகளையும் சேர்த்து ஒரே பெட்டியில் அடைத்து அஞ்சலில் அனுப்பினார்கள். ஏ.ஆர்.15 வகை ரைபிள்களும் கைத்துப்பாக்கிகளும் இவ்வாறு வீடுகளில் உருப்பெற்றன. எண்ணில்லாத இவற்றை அமெரிக்கர்கள் ‘கோஸ்ட் கன்’, அதாவது பேய்த் துப்பாக்கி என்று அழைக்கிறார்கள்.

இந்தப் பெட்டிகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பாகங்களின் பட்டியலிலும் கருவிகளின் விலையிலும் நின்றுவிடுகிறார்கள். அவற்றைவிடப் பெரிய செய்தி தீர்ப்பிலேயே உள்ளது. 2017-இல் அமெரிக்கக் காவல் அமைப்புகள் ஏறத்தாழ 1,600 பேய்த் துப்பாக்கிகளைத் தடமறியும் பொருட்டுக் கூட்டாட்சி அரசுக்கு அனுப்பியிருந்தன. 2021-இல் அந்த எண்ணிக்கை 19,000-ஐத் தாண்டியது. அவற்றின் உரிமையாளரைக் கண்டறியும் முயற்சி அநேகமாக முற்றிலும் பயனற்றுப்போனது என்று அரசு நீதிமன்றத்தில் கூறியது. அத்தகைய பெட்டியை அதற்குமுன் கண்டிராத ஒருவர், பொதுவாகக் கிடைக்கும் கருவிகளைக் கொண்டு 21 நிமிடங்களில் அதைச் சுடும் ஆயுதமாக்கியதையும் தீர்ப்பு பதிவு செய்கிறது.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி கோர்சச் பழமைவாத அணியைச் சேர்ந்தவர். மொழியின் இயல்பான வழக்கைக் கொண்டே அவர் இப்புதிரை அவிழ்த்தார். இன்னும் எழுதி முடிக்காத நாவலையும் நாம் நாவல் என்றே சொல்கிறோம். கடையில் பிரித்த நிலையில் வாங்கிவந்து வீட்டில் பூட்டும் மேசையையும் மேசை என்றே சொல்கிறோம். செய்பொருள் ஒன்றின் பெயர் அதன் நோக்கத்திலிருந்து வருவது. அதன்படி சில பெட்டிகளேனும் ஐயத்துக்கிடமின்றித் துப்பாக்கி ஆகின்றன என்றார் அவர். இந்த வழக்கு ஆயுதம் ஏந்தும் உரிமை பற்றிய அரசியலமைப்பு வழக்கு அன்று. 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொற்களுக்குப் பொருள் காணும் வழக்கு. ஆகவே எல்லாப் பெட்டிகளுக்கும் எல்லாப் பாகங்களுக்கும் இது முடிவான விடையுமன்று.

இந்தியச் சட்டத்தில் பாகமே ஆயுதம்

அமெரிக்க நீதிமன்றம் ஆறு தசாப்தங்களுக்குப் பிறகு வந்து சேர்ந்த இடத்தில், இந்தியச் சட்டம் தொடக்கம் முதலே நிற்கிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு ‘ஆயுதம்’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் ஆயுதத்தின் பாகங்களும், ஆயுதம் செய்வதற்கான இயந்திரங்களும் அடக்கம். 5-ஆம் பிரிவின்படி உரிமமின்றி எவரும் துப்பாக்கி செய்யவோ விற்கவோ பழுதுபார்க்கவோ கூடாது. 8-ஆம் பிரிவு அடையாளக் குறியை அழிப்பதையும், குறியில்லாத துப்பாக்கியை விற்பதையும் தடை செய்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனையை மேலும் கடுமையாக்கியது. உரிமமின்றித் துப்பாக்கி தயாரிப்பதற்கு அதுவரை மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை இருந்த சிறைத் தண்டனை, குறைந்தபட்சம் ஏழு ஆண்டுகள், அதிகபட்சம் ஆயுள் என்றாயிற்று.

ஏட்டில் இதைவிடக் கடுமையான சட்டத்தைக் கேட்க முடியாது. ஆயினும் பிகாரின் முங்கேர் வட்டாரத்தில் வீட்டுப் பட்டறைகளில் கள்ளத் துப்பாக்கிகள் உருவாகிக்கொண்டேதான் இருக்கின்றன. 18-ஆம் நூற்றாண்டில் நவாப் மீர் காசிம் அங்கே அமைத்த படைக்கலச் சாலையிலிருந்து தொடங்கும் கைத்திறன் மரபு அது. உரிமம் பெற்ற தொழிற்சாலைகள் நலிந்தபோது, அங்கே வேலையிழந்த கைகள் கள்ளச் சந்தைக்குப் போயின. துப்பாக்கிக்கும் கைவினைஞருக்கும் வழக்கு உண்டு. அந்தத் துப்பாக்கியை மொத்தமாக வாங்கிய அரசியல்வாதிக்கும் நிலவுடைமையாளருக்கும் வழக்கு ஏது?

பிகாரின் சமவெளிகளில் நிலவுடைமைச் சாதிகளின் தனிப்படைகள் எதைக் கொண்டு தலித் மக்களைக் கொன்றன என்பதை நாம் மறக்கலாகாது. 1996 ஜூலையில் பதானி டோலாவில் 21 பேர். 1997 டிசம்பர் 1 இரவில் லட்சுமண்பூர் பாதேயில் 58 பேர். இரண்டிலும் குற்றஞ்சாட்டப்பட்டது ரண்வீர் சேனை. பாதே வழக்கில் 2010-இல் விசாரணை நீதிமன்றம் 26 பேரைத் தண்டித்தது; அவர்களில் 16 பேருக்கு மரண தண்டனை. 2013 அக்டோபரில் பாட்னா உயர் நீதிமன்றம் 26 பேரையும் விடுதலை செய்தது. பதானி டோலா வழக்கில் தண்டிக்கப்பட்ட 23 பேரும் அதற்கு முந்தைய ஆண்டே விடுதலையாகியிருந்தனர். துப்பாக்கிக்கு எண் இருந்ததா இல்லையா என்பது அங்கே கேள்வியாகவே எழவில்லை. சுட்டவனை நேரில் கண்ட மக்களின் சாட்சியமே நம்பத்தக்கதன்று எனத் தள்ளப்பட்டது.

சட்டம் யாரை நிராயுதபாணியாக்குகிறது?

ஆயுதக் கட்டுப்பாடு என்பது எல்லாருக்கும் பொதுவான விதியாகத் தோன்றும். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்த 1865-ஆம் ஆண்டிலேயே மிசிசிப்பி மாநிலம் ஒரு சட்டம் இயற்றி, விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் உள்ளூர் நிர்வாகத்தின் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்றது. அவர்களை வேட்டையாடிய வெள்ளையர் படைகளுக்கு அத்தகைய தடை இல்லை. 1873-இல் லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் கறுப்பின மக்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டனர். அதில் தண்டிக்கப்பட்டவர்களை விடுவித்து 1876-இல் ‘குரூக்‌ஷாங்க்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயுதம் ஏந்தும் உரிமையைப் பறிக்கக் கூடாது என்னும் தடை கூட்டாட்சி அரசுக்கு மட்டுமே உரியது, தனிமனிதர் செயலுக்குப் பொருந்தாது என்றது அத்தீர்ப்பு. பாதேயின் தீர்ப்பைப் படித்த நமக்கு அந்தத் தர்க்கம் அந்நியமானதன்று. கொலையுண்டவர்களின் உரிமை சொற்களுக்கிடையில் காணாமற்போகும் விதம் இரண்டிலும் ஒன்றே.

1967-இல் கலிபோர்னியாவில் கருஞ்சிறுத்தைகள் காவல்துறையின் அத்துமீறலைக் கண்காணிக்க வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்தி ரோந்து வந்தபோது, நிறைதுப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்துவதைத் தடை செய்யும் மல்ஃபோர்டு சட்டம் விரைந்து நிறைவேறியது. கையெழுத்திட்டவர் அன்றைய ஆளுநர் ரொனால்டு ரீகன். 1972-இல் மும்பையில் தலித் சிறுத்தைகள் தம் பெயரை எடுத்துக்கொண்டது அந்தக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்துதான்.

இந்தியாவில் இந்த வரலாறு இன்னும் பழையது. 1936-இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் அண்ணல் அம்பேத்கர், இவ்வளவு கொடுமையை இந்நாட்டு அடித்தட்டு மக்கள் ஏன் எதிர்க்காமல் சகித்தார்கள் என்று கேட்கிறார். நால்வருணம் அவர்களுக்கு ஆயுதத்தையும் கல்வியையும் மறுத்ததே காரணம் என்று விடை காண்கிறார். பிரித்தானியரின் 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியர்களை உரிமம் கேட்டு நிற்க வைத்து, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. ஆட்சி மாறிய பின்னும் விலக்கின் சுவடு அழியவில்லை. கர்நாடகத்தின் குடகில், கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் உடையோருக்கும் துப்பாக்கி உரிமத்திலிருந்து காலனிய காலத்தில் தரப்பட்ட விலக்கு இன்றும் தொடர்கிறது. ஒன்றிய அரசு 2019-இல் அதனை மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தது. 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது. பிறப்பையும் நிலவுடைமையையும் கொண்டு ஆயுதத்துக்கு விலக்கு. அதே குடகின் காப்பித் தோட்டங்களில் தலைமுறைகளாகக் கூலி வேலை செய்யும் நிலமற்ற பழங்குடிகள் அந்த விலக்கின் வட்டத்துக்குள் இல்லை.

தமிழ்நாட்டு மலைகளில் இதன் மறுபக்கத்தைக் காண்கிறோம். சவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் குழல்வாயில் மருந்து கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கிகள் பறிமுதல் செய்யப்பட்டதாகவும், பழங்குடியினர் கைதானதாகவும் செய்திகள் வந்தவண்ணம் உள்ளன. காட்டுப்பன்றி சோளத்தையும் சாமையையும் அழிக்கும் ஊர்கள் அவை. பயிர்க் காவலுக்கு இவ்வகைத் துப்பாக்கி கேட்டு விண்ணப்பிக்கும் குடிமகனுக்கு உரிமம் தர ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவே இடம் தருகிறது. அந்தப் படிவத்தை மலைமேல் கொண்டுசென்று நிரப்ப உதவிய அதிகாரியைக் காண்பது அரிது. குற்றவழக்கு மட்டும் தவறாமல் மலையேறுகிறது. வைத்திருந்ததற்கான பிரிவோடு தயாரித்ததற்கான பிரிவும் சேர்ந்துவிட்டால், இன்று அந்த உழவருக்குக் குறைந்தபட்சத் தண்டனை ஏழு ஆண்டு. இத்தகைய வழக்கை நடத்தும் இளம் வழக்கறிஞர்கள் முதலில் பார்க்க வேண்டியது 39-ஆம் பிரிவு: உரிமமின்றி வைத்திருந்ததாக வழக்குத் தொடர மாவட்ட நடுவரின் முன் அனுமதி தேவை. அனுமதி ஆணையில் மனம் செலுத்திய அடையாளம் இருக்கிறதா என்று கேட்பது நம் கடமை.

அரிவாளும் ஓர் எண்ணில்லாத ஆயுதமே

தமிழ்நாட்டில் சாதிக் கொலையின் வழக்கமான ஆயுதம் துப்பாக்கி அன்று, அரிவாள். 1997 ஜூன் 30 அன்று மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசன் உள்ளிட்ட ஆறு பேரை வெட்டிச் சாய்த்தது அரிவாள்தான். ஆயுதச் சட்டத்தின் விளக்கம் கூர்முனை ஆயுதங்களைச் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் வீட்டுக்கும் வேளாண்மைக்கும் மட்டுமே உரிய பொருள்களை விலக்குகிறது. பட்டறையில் பழுக்கக் காய்ச்சி அடிக்கப்படும் அரிவாள் விற்கும் தருணத்தில் உழவுக் கருவி; நள்ளிரவில் சேரிக்குள் நுழையும்போது கொலைக் கருவி. நோக்கமே பொருளுக்குப் பெயர் தருகிறது என்ற அமெரிக்க நீதிபதியின் வாதம் இங்கேதான் தடுமாறும்.

2021 செப்டம்பரில், தென் மாவட்டங்களில் பழிவாங்கும் கொலைகள் தொடர்ந்தபோது, அரிவாள், கத்தி வாங்குவோரின் பெயரையும் முகவரியையும் பதிவு செய்யுமாறு பட்டறைகளையும் கடைகளையும் தமிழ்நாடு காவல்துறை அறிவுறுத்தியது. பேய்த் துப்பாக்கிக்கு எண் பொறிக்கச் சொல்லும் அதே சிந்தனைதான் இது. பயனில்லை என்று சொல்லமாட்டோம். ஆனால் கருவியைப் பதிவு செய்வதால் மட்டும் வன்முறை நிற்காது. 2022 மே மாதம் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் பத்துக் கறுப்பின மக்களைக் கொன்ற வெள்ளை இனவெறியன், தன் ரைபிளைக் கடையில் முறையாக, பதிவோடுதான் வாங்கியிருந்தான். அந்த ஆயுதத்துக்கு எண் இருந்தது. அவனுடைய வெறுப்பும் வெளியில் எழுதப்பட்டுத்தான் இருந்தது. பதிவேட்டைப் பார்த்த அரசு, வெறுப்பைப் பார்க்கத் தவறியது.

நம் கையில் இருக்கும் விதி

வெறுப்பையும் ஆயுதத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லும் ஒரு விதி இந்தியச் சட்டத்தில் உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட 1995-ஆம் ஆண்டு விதிகளின் 3-ஆம் விதி அது. மாநில அரசு, வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளை முன்கூட்டியே கண்டறிய வேண்டும். அவ்வாறு கண்டறிந்த பகுதியில், தேவையெனில், பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதோரின் ஆயுத உரிமங்களை ரத்து செய்து, துப்பாக்கிகளை அரசுப் படைக்கலக் கொட்டிலில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். அவர்களுடைய நெருங்கிய உறவினர், பணியாளர், குடும்ப நண்பர்கள் ஆகியோரின் உரிமங்களுக்கும் இது பொருந்தும். கள்ளத் துப்பாக்கிகள் அனைத்தையும் கைப்பற்ற வேண்டும். அவற்றைத் தயாரிப்பதைத் தடுக்க வேண்டும். இவற்றுக்குப் பிறகு, உயிரையும் உடைமையையும் காக்கத் தேவையெனக் கருதினால், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஆயுத உரிமம் வழங்கலாம்.

இந்த வரிசையை நாம் கவனிக்க வேண்டும். நம் இளைஞர்கள் சிலர் கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொண்டு, ‘எங்களுக்குத் துப்பாக்கி தாருங்கள்’ என்று முழங்குகிறார்கள். அந்தச் சினம் நியாயமானது. தன்னால் காக்க முடியாத மக்கள் உண்டு என்று அரசே எழுத்தில் ஒப்புக்கொண்ட வரி அது. ஆயினும் ஊரில் பத்துத் துப்பாக்கி இருக்கும் இடத்தில் பதினோராவது துப்பாக்கி சேரிக்கு வருவது பாதுகாப்பு ஆகாது. உரிமம் தருவதும் பறிப்பதும் அதே நிர்வாகத்தின் கையில் இருக்கும்வரை, நம் துப்பாக்கியே நம்மீதான முதல் வழக்குக்குச் சான்றுப் பொருளாகிவிடும். இணையத்தில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டு வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்னும் மயக்கம் அதைவிடக் கொடியது. ஏழு ஆண்டுச் சிறையில் தொடங்கும் அந்தப் பாதை, ஓர் இயக்கத்தையே சந்தேகப் பட்டியலில் ஏற்றிவிடும். ஆதிக்கச் சாதியின் கையிலிருக்கும் ஆயுதத்தைக் கீழிறக்குவதே விதியின் முதல் கட்டளை. நம் அரசியல் கோரிக்கையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதற்கு நாம் செய்யக்கூடியவை சில உள்ளன. விதி 17-இன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். அந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் விதி 3 இடம்பெறச் செய்வோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, அரசு வழங்கும் உரிமங்களின் விவரத்தைத் தானாகவே வெளியிடுமாறு ஒவ்வொரு அலுவலகத்தையும் பணிக்கிறது. அதன் துணையோடு ஒவ்வொரு மாவட்டத்திலும் கேட்போம்: வன்கொடுமை நிகழக்கூடியவை என்று கண்டறியப்பட்ட ஊர்கள் எத்தனை? அவ்வூர்களில் நடப்பில் உள்ள துப்பாக்கி உரிமங்கள் எத்தனை? வன்கொடுமை வழக்குப் பதிவான பின் விதி 3-இன் கீழ் ரத்தானவை எத்தனை? பயிர்க் காவலுக்காகப் பழங்குடியினர் அளித்த விண்ணப்பங்கள் எத்தனை, ஏற்கப்பட்டவை எத்தனை?

பெயர்கள் வேண்டியதில்லை, எண்கள் போதும். முப்பது நாளில் பதில் வர வேண்டும். ‘தகவல் இல்லை’ என்று வந்தால், அதுவே கடமை தவறியதற்கான சான்று. தன் கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும், தலித்தோ பழங்குடியோ அல்லாத அரசு ஊழியரைத் தண்டிக்க வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு இருக்கிறது. சட்டக் கல்லூரி மாணவர்கள் ஒவ்வொருவரும் தம் சொந்த மாவட்டத்துக்கு ஒரு மனு எழுதினால், ஓராண்டுக்குள் இம்மாநிலத்தின் ஆயுத வரைபடம் நம் மேசைமேல் இருக்கும்.

ஒரு துப்பாக்கியைப் பூட்டிச் சேர்க்க என்ன செலவாகும் என்று உலகம் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சேரியை நோக்கி நிற்கும் துப்பாக்கிகளைக் கணக்கெடுக்க நமக்கு ஆகும் செலவு, மனு ஒன்றுக்குப் பத்து ரூபாய்.